சின்ன இடத்துக்கு ஒரு கரி அடுப்பு

சின்ன இடத்துக்குக் கரி அடுப்பு வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அடுப்பைப் பார்க்கிறார்கள். இடத்தைத்தான் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, துணி எங்கே காய்கிறது, ஒரு ஆள் குனிந்து நிமிர வழி இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அடுப்பு எதற்காக வாங்கினாய் என்பதிலிருந்து ஆரம்பி என்று நீங்கள் சொன்னீர்கள், மேடம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கும் அது சுலபம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை நீங்களே பார்த்தீர்கள். சமையலறைக் கதவைத் திறந்தால் துவைக்கிற கல், அதையொட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி, தலைக்கு மேலே கொடிக்கயிறு. மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். ஒருவர் துணி பிழிந்தால் இன்னொருவர் உள்ளே போய்விட வேண்டும். வீடு கட்டிய மேஸ்திரி அதை யூட்டிலிட்டி என்றார். என் மகன் பேக்யார்டு என்பான். நான் பின்னாடி என்பேன்.

என் பெயர் ராஜாத்தி. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். ஒருநாள் லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. மகன் ஹரீஷ்குமார் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். அவனை இழுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்தேன். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து, முழங்கால் விட்டுப்போகும் வரை அங்கேயேதான் இருந்தேன்.

கேன்டீனில் எனக்குச் சாதம் போடுகிற இடம். தட்டு நீளும், போட வேண்டும், சொன்னதும் நிறுத்த வேண்டும். தமிழ்க்காரன் 'போதும்' என்பான், தெலுங்குக்காரன் 'சாலு' என்பான், கன்னடக்காரன் 'சாகு' என்பான். சேர்ந்த புதிதில் அந்தச் 'சாகு' எனக்குச் சுருக்கென்றது. சோறு போடுகிறவளைப் பார்த்துச் சாகச் சொல்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. கூட நின்று சாம்பார் ஊற்றிய திம்மக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது போதும்னு அர்த்தம்டி, பைத்தியக்காரி" என்றாள். திம்மக்கா செத்துப்போன தங்கையின் பிள்ளைகளை வளர்த்தவள். வளர்ப்பதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். சாகு என்றால் போதும், சாகு என்றால் வளர்த்துக்கொள். எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திம்மக்காவோடு இருந்து இருந்து எனக்குக் கன்னடம் முழுக்கப் புரிய ஆரம்பித்தது. பேச மாட்டேன், வாய் கூச்சப்படும். ஆனால் எந்த மொழியில் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் என் கரண்டி நின்றுவிடும். வரிசையில் வருகிற பையன்களே அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

ஹரீஷ் டிப்ளமோ முடித்து ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே அவனோடு அதே லைனில் வேலை செய்த சுசித்ராவைக் கட்டிக்கொண்டான். பாகலூர்ப் பெண், வீட்டில் கன்னடம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நிறைய சிரிப்பாள். என் ரசத்தைக் குடித்துவிட்டு, "அத்தே, இது சாறு இல்ல, கஷாயம்" என்பாள். ரசத்துக்கு அவர்கள் சொல் சாறு. என்னிடம் தமிழில்தான் பேசுவாள், வார்த்தையைத் தேடித் தேடிப் பேசுவாள். அவர்கள் இருவரும் மட்டும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள்.

அவள் வந்த முதல் நாள் அவன் அவளிடம், அம்மாவுக்குக் கன்னடம் ஒரு எழுத்தும் வராது என்று கன்னடத்திலேயே சொன்னான். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். மறுத்துச் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே. அதன்பிறகு அந்த வீட்டில் நான் இருக்கும்போதே நான் இல்லாத மாதிரி பேசிக்கொண்டார்கள். முதலில் அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

சுசித்ரா முழுகாமல் இருந்தபோது, பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியதுதான் முறை. ஆனால் அவள் அம்மா ரங்கம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறவள். தோட்டத்துக்காரர் கொடுத்த ஒற்றை அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருக்கிறாள். பிள்ளை பெற்றவளை அங்கே வைக்க முடியாது. நானே, "இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். ரங்கம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லீவு கிடைத்தபோதெல்லாம் பூ முள் கீறின கையோடு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

கரி வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"பாணந்தி ரூம்ல கெண்ட இடணும்ங்க" என்றாள். பாணந்தி என்றால் பிள்ளை பெற்றவள், கெண்ட என்றால் கங்கு. "கட்டில் கீழ மண்சட்டில கொஞ்சம் போட்டு வெச்சா ஒடம்புல குளுரு ஏறாது. எங்கம்மா எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க."

"எங்க பக்கம் சாம்பிராணி போடறதோட சரி" என்றேன். "அதெல்லாம் வேணாம் ரங்கம்மா. இது அடைசலான ரூமு."

அவள் யோசித்துவிட்டு, "ஆமாங்க, நாங்க இருந்தது ஓட்டு மனெ. பொகெ மேல போயிரும். இது மோல்டிங்கு தளம். போட்டா கதவு, கிடுக்கி ரெண்டும் தெறந்தே இருக்கணும்" என்றாள். கிடுக்கி என்றால் ஜன்னல். நான் வேண்டாம் என்றதும் அவள் வற்புறுத்தவில்லை. எனக்கு விஷயம் தெரியும், மேடம். கேன்டீனில் வருடா வருடம் சேஃப்டி கிளாஸ் எடுப்பார்கள். மூடின அறைக்குள் கரி எரியக் கூடாது என்று படம் போட்டே காட்டினார்கள். மற்றவர்கள் டீக்காகக் காத்திருந்தார்கள், நான் கவனமாகக் கேட்டேன்.

அப்புறம் ஏன் அடுப்பு வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

சுசித்ராவுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. பிதுக்குப் பருப்புக் குழம்பு வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவரைக்காய் வந்து இறங்குகிற காலம் அது. கொட்டையை ஊற வைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுக்க வேண்டும், பொறுமையான வேலை. நான் சமையலறையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தேன். நடு ரூமில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஹரீஷுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அங்கே வீடு பார்த்துப் போய்விடலாம் என்பது பேச்சு. சுசித்ரா, "அத்தேனூ கர்க்கொண்டு ஹோகணா" என்றாள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். அதற்கு அவன், "பேடா. அம்ம இல்லே இரலி" என்றான். வேண்டாம், அம்மா இங்கேயே இருக்கட்டும். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவன், அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, அழுது ஆர்ப்பாட்டம் பண்ணும் என்றான்.

நான் அழவில்லை. மிச்சக் கொட்டைகளைப் பிதுக்கி முடித்துக் குழம்பு வைத்தேன். சுசித்ரா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை அலம்பும்போது அவனிடம், "ஏம்ப்பா, வேற எங்கயாவது போற யோசன இருக்குதா?" என்று கேட்டேன். "எங்கம்மா போறது? இங்கதான்" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் அவன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வாழ்க்கை. அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் அடுப்பை எதற்குப் பற்றவைப்பது, யாருக்குச் சோறு வடிப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹரீஷ் தானாக அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை. கூட்டிப் போகலாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே வேண்டாம் என்று அவனைச் சொல்ல வைக்கப் பெண்களுக்குத் தெரியும். அவள்தான் பேச வைத்தாள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த நாள் ரங்கம்மாவுக்குப் போன் செய்து, "நீ சொன்ன மாதிரியே கெண்ட போடலாம்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்போது இல்லை. குளிர்காலம் வருகிறது, பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஹரீஷ் போனில் ஒன்றைக் காட்டினான். மூடி, சக்கரம், பக்கத்தில் தட்டு வைக்கப் பலகை எல்லாம் உள்ள பார்பிக்யூ. "பேக்யார்டுல வெச்சா சூப்பரா இருக்கும்மா, சண்டே சிக்கன் சுடலாம்" என்றான். சுசித்ரா, "சிக்கன் சுட்டா நாம எல்லாரும் நின்னுக்கினு சாப்புடணும், அது மட்டும் உக்காந்திருக்கும்" என்று சிரித்தாள். அவள் சொன்னது சரி. சின்ன இடத்தில் சக்கரம் வைத்தது உருளாது, இடிக்கும். மூடி திறந்தால் வைக்க இடம் இருக்காது. பெரிய அடுப்பென்றால் கரியும் அதிகம் பிடிக்கும், அணையவும் நேரமாகும்.

பாகலூர் ரோட்டில் அப்பாஸ் என்பவர் தகரக் கொட்டகையில் அடுப்பு செய்து விற்கிறார். அவரிடம் போனேன். வார்ப்பு இரும்பில் ஒன்று இருந்தது. நல்ல கனம், சூடு நிற்கும், ஆனால் ஒருதடவை வைத்தால் வைத்த இடம்தான். பழைய டிரம்மை வெட்டிச் செய்தது ஒன்று. தகடு மெலிசு, பக்கத்தில் நின்றால் காலில் அனல் அடிக்கும், துணி காய்கிற இடத்துக்கு ஆகாது. மூன்றாவது பக்கெட் அடுப்பு. வெளியே தகரம், உள்ளே மண் பூச்சு, கீழே காற்றுக்குக் கதவு, இரண்டு பக்கமும் மரக் கைப்பிடி.

"எதுக்கும்மா?" என்று கேட்டார் அப்பாஸ்.

"மருமகளுக்குப் பிரசவம். கங்கு எடுக்கணும்."

"அப்ப வெளியிலயே பத்த வெச்சு, நல்லா கனிஞ்சப்புறம் சட்டில எடுத்துக்கோங்க. அடுப்ப உள்ள கொண்டுபோயிராதீங்க. போன வருசம் நம்ம சொந்தத்துலயே ஒரு கஷ்டம் ஆயிப்போச்சு."

"தெரியும்ங்க" என்றேன்.

பக்கெட் அடுப்பைத் தட்டிக் காட்டினார். "இதுன்னா ஒத்த ஆளு தூக்கலாம். மழ வந்தாக்கூட அப்படியே கைப்பிடியப் புடிச்சு நகத்திக்கலாம். சூடு தெரியாது." நான் முழம் போட்டு அகலம் பார்த்தேன். கொண்டுபோயிருந்த நூலையும் வைத்துப் பார்த்தேன். அப்பாஸ் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பார், நினைவாற்றல் உள்ள மனுஷன். நூல் எதை அளந்தது என்று கேட்டால், கதவை அளந்தது. பின்கதவை இல்லை, சுசித்ராவின் கட்டில் இருந்த நடு ரூம் கதவை. ஏன் அதை அளந்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

குழந்தை ஆண். சுகப்பிரசவம். ஹரீஷ் பிறந்தபோது இருந்த அதே மூக்கு. சுசித்ராவை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, வெந்நீர், எதிலும் குறை வைக்கவில்லை. தினமும் பின்னால் கரியைப் பற்றவைத்து, கனிந்ததும் கொஞ்சம் கங்கை ரங்கம்மா கொடுத்த மண்சட்டியில் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைப்பேன். கதவும் ஜன்னலும் திறந்திருக்கும். சூடு போதுமென்று தோன்றியதும் அவள், "போதும் அத்தே" என்பாள். எடுத்துவிடுவேன். என்னிடம் அவள் எப்போதும் 'போதும்' என்றுதான் சொல்வாள். எனக்குப் புரிய வேண்டும் என்று கவனமாக அதைப் பழகி வைத்திருந்தாள்.

ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தபோது, அவள் அதன் காதில் கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்குப் போகலாமா, அங்கே பால்கனி இருக்கிறது, அப்பா தொட்டில் கட்டுவார் என்று. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு பார்த்தாயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். விடிந்ததிலிருந்து தூறல், ஓசூர்க் குளிர். ஹரீஷ் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தான். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது மண்சட்டி கைதவறி விரிசல் விட்டுவிட்டது. அது தற்செயல், அதை நான் செய்யவில்லை. சட்டி இல்லாததால் அடுப்பையே தூக்க வேண்டியதாயிற்று. மழைச்சாரல் பின்னால் அடித்ததும் ஒரு காரணம். கைப்பிடி சூடேறவே இல்லை. அப்பாஸ் பொய் சொல்லவில்லை.

குழந்தைக்கு லேசாக மூக்கடைப்பு. அதனால் அதைக் குளிப்பாட்டாமல், துடைத்து மட்டும் விட்டு முன் ரூமில் என்னிடமே வைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் பால் குடித்ததும் அவள் பக்கத்தில்தான் படுக்க வைப்பேன். அன்றைக்கு வைக்கவில்லை. போன முறை விசாரிக்க வந்தவர் குழந்தை எப்படித் தப்பியது என்று கேட்டுவிட்டு, நான் மூக்கடைப்பைச் சொன்னதும், கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அப்படி எளிதாக விடவில்லை. கெட்டிக்காரர்.

அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அத்தே, சட்டி எங்கே?" என்று கேட்டாள். "உடஞ்சிடுச்சும்மா. இன்னிக்கு ஒருநாள் இதுலயே காஞ்சுக்க" என்றேன். "சரி அத்தே" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஜன்னல் வழியாகச் சாரல் வந்தது, அதைச் சாத்தினேன். கதவு காற்றில் அடித்துக்கொண்டது, அதையும் சாத்தினேன். அடித்துக்கொள்கிற கதவை யாராக இருந்தாலும் சாத்துவார்கள்.

முன் ரூமில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். "அத்தே. சாகு அத்தே." உடம்பு தளர்ந்தால் வாய் தன் சொந்த மொழிக்குப் போய்விடுகிறது. தேடிப் பிடித்துப் பழகிய 'போதும்' அவளுக்கு வரவில்லை. மறுபடியும் "சாகு" என்றாள், குரல் சின்னதாக இருந்தது. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கதவைத் தட்டினாளா என்று கேட்டீர்கள். தட்டவில்லை. எழுந்திருக்க முடிந்திருக்காது.

ஹரீஷ் ஷிஃப்ட் முடிந்து வருவதற்கு முன் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டேன். அடுப்பைத் தூக்கிப்போய்ப் பின்னால் அதன் இடத்தில் வைத்தேன். விரிசல் விட்ட மண்சட்டியில் சாம்பலோடு கொஞ்சம் கங்கை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் பழக்கம், கேன்டீனில் வந்தது. அவள் முகம் சிவந்து, காய்ச்சல் வந்து தூங்குகிறவள் மாதிரி இருந்தது. போர்வையைச் சரிசெய்தேன். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கரிப்புகை என்றார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆகாத வழக்கம், சின்ன ரூம், கவனக்குறைவு. ஹரீஷ் ரங்கம்மாவைப் பார்த்து, "ஒங்க கெண்டதான் அவளக் கொன்னுச்சு. போங்க, என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றான். ரங்கம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "நாந்தான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் நெற்றியில் ரத்தம் வந்ததும் பிடித்து இழுத்தேன். நான் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த பிறகு ரங்கம்மா என்னிடம் கேட்டாள், மகள் கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று. அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. "என்னவோ சாகு சாகுன்னு கேட்டுச்சு ரங்கம்மா. எனக்கு ஒண்ணும் புரியல. போன்ல பேசறாளோன்னு இருந்துட்டேன்" என்றேன். விசாரிக்க வந்தவரிடமும் அதையே சொல்லியிருந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "அது போதும்னு அர்த்தம்ங்க. போதும்னு சொல்லியிருக்கா என் கொழந்தெ. ஒங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்." என்னைத்தான் பாவம் என்றாள்.

இனி ஹரீஷ் என்னோடு இருப்பான் என்றுதான் நினைத்தேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவான். அவன் நடு ரூமுக்குள் நுழையவே இல்லை. முன் ரூமில் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கும். ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "இந்த வீட்ல என்னால மூச்சு விட முடியலம்மா" என்றான். பொம்மசந்திராவுக்கே போகிறேன், கம்பெனி ரூமில் தங்கிக்கொள்கிறேன் என்றான். குழந்தை ரங்கம்மாவிடம் இருக்கட்டுமாம். தோட்டத்துக்காரர் இரக்கப்பட்டு அவளுக்குத் தனி அறை கொடுத்துவிட்டாராம். "ஒனக்கு முழங்கால் முடியல, நீ இங்கயே இரும்மா" என்றான். அன்றைக்குக் கன்னடத்தில் சொன்னதை இப்போது தமிழில் சொன்னான்.

மேடம், எனக்கு அப்போது காலுக்குக் கீழே தரை இல்லை. அவள் போன பிறகும் அவன் அதையேதான் சொல்கிறான் என்றால், அது யாருடைய வார்த்தை? அதற்கு மேல் அதை யோசிக்க நான் விரும்பவில்லை. இப்போதும் விரும்பவில்லை.

போன வாரம் குழந்தையைக் கூட்டிப்போக ரங்கம்மா வந்தாள். ஹரீஷ் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. நான் குழந்தைத் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தேன். குழந்தையை நீட்டினேன். ரங்கம்மா கையை நீட்டவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கையிலயா குடுக்கறீங்க? கெண்ட இடுன்னு சொன்னவ நான். பெத்த மகளயே காப்பாத்தத் தெரியாதவ. நான் எப்படிங்க இத..." என்று தேம்பினாள்.

அவளைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. இந்த விஷயத்தில் நான் உங்களிடம் சொன்னவற்றில் எது பொய்யானாலும் இது பொய்யில்லை. செய்யாத தப்பை ஒருத்தி தலையில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளுக்கு மனசில் படுகிற மாதிரி, அவள் பாஷையிலேயே சொல்ல வேண்டும் போலிருந்தது. குழந்தையை அவள் மடியில் வைத்து, "நீனே சாகு, ரங்கம்மா" என்றேன். நீயே வளர்த்துக்கொள் என்று. திம்மக்கா சொல்வதுபோலவே, சுத்தமாக வந்தது. என் வாயால் நான் பேசிய முதல் கன்னடம் அதுதான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே குழந்தையின் துண்டைச் சரிசெய்தாள். பிறகு அவள் கை நின்றது. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது போதும் என்கிற அர்த்தத்தை மட்டும்தான். இந்த அர்த்தத்தை அவள் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு எழுத்தும் தெரியாதவளுக்கு இது தெரிய வழியில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "நிமகெ கன்னட பருத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். உங்களுக்குக் கன்னடம் தெரியுமா என்று. அந்தக் கேள்வியும் எனக்குப் புரிந்தது என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டாள். குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். மடித்து வைத்த துணிகளை எடுக்காமல், செருப்பைக்கூடப் போடாமல் தூறலில் இறங்கி நடந்தாள். ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே, ஆமாம். முதல் தடவை கூப்பிட்டபோதே புரிந்தது. இரண்டாம் தடவையும் புரிந்தது. எத்தனையோ வருடம், எந்த மொழியில் போதும் என்று சொன்னாலும் தானாக நின்ற கை இது. அன்றைக்கு நிற்கவில்லை, நான் நிறுத்தவில்லை. அடுப்பைத் தூக்கும்போதும் தெரியும், கதவைச் சாத்தும்போதும் தெரியும். நூலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போதும் தெரிந்துதான் இருக்க வேண்டும். சுசித்ராவை நான்தான் கொன்றேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மேடம். ஹரீஷ் வருவான். கோபம் எல்லாம் ஆறியதும் வருவான், என் பிள்ளையை எனக்குத் தெரியும். வந்தால் நான் செய்ததைச் சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.